கொடிக்கம்பாக நின்ற மட்டை

பனமலை ஏரிக்கரையின் மேல் கதிர்வேலு வந்து நின்றான். முழுக்கைச் சட்டை. வலது கையை மட்டும் முழங்கை வரை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அவனுக்கு இரண்டடி பின்னால் அவன் மனைவி அமிர்தம், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு.

நாங்கள் மூன்று பேர் கீழே, வறண்ட ஏரிக்குள் நின்று அவனை அண்ணாந்து பார்த்தோம். காலை வெயில் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை.  வாய் ஓயாதவன் என்று பெயர் வாங்கிய நான் காலடியில் கிடந்த நத்தை ஓட்டை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா பேஜாரா பாக்குறீங்க. எறங்கி வாடா கதிர், ஜல்தி" என்று கடைசியில் சொன்னவன் பாஷா.

அவன் இறங்கி வந்தான். சரிவில் கால் வழுக்கியபோது இல்லாத கையை ஊன்றப் போனான். அமிர்தம் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எண்பதுகளின் நடுவே ஏதோ ஒரு வைகாசி அது. ரயில்வே பார்சல் ஆபீசில் நான் அழுகிய மாம்பழக் கூடைகளோடு மல்லுக்கட்டியதை இந்தத் தொடரில் போன வாரம் எழுதினேனே, அதே காலம். விழுப்புரம் ஜங்ஷனில் கரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாங்கள் நான்கு பேர் கூட்டாளிகள். விழுப்புரத்துக்கு நானும் பெஞ்சமினும். அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், பெண்டாட்டியைக் கூப்பிடக்கூட விசில் ஊதுவான் என்று கேலி செய்வோம். திண்டிவனத்துக்கு ரைஸ் மில் கதிர்வேலுவும், தையல் கடை பாஷாவும். வருடத்துக்கு ஒரு நாள், கோடையில் ஏரி வற்றியதும், இரண்டு ஊருக்கும் பொதுவாக இந்தப் பனமலை ஏரிக்கு வந்து கோல்ப் ஆடுவோம்.

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

ஏலத்தில் வந்த பை

கோல்ப் எங்களைத் தேடி வந்த கதை சின்னது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். மில்லுக்கு ஓர் இரும்புப் பெட்டி வாங்கலாம் என்று கதிர்வேலு போனான். பெட்டி கிடைக்கவில்லை. கிழிந்த தோல் பை ஒன்றும் அதற்குள் ஏழெட்டு மட்டைகளும்தான் கிடைத்தன. எதற்கு வாங்கினாய் என்று கேட்டால், "யாரும் கேக்கல, பாவமா இருந்துது" என்றான். கதிர்வேலு அப்படிப்பட்டவன்.

எங்களில் கோல்பைக் கண்ணால் பார்த்தவன் பெஞ்சமின் ஒருவன்தான். ஊட்டிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது வேலிக்கு வெளியே நின்று அரை மணி நேரம் பார்த்திருக்கிறான். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு வேதம். பந்தைத் தொடாத அடி கணக்கில் சேராது, மாட்டுக் குளம்புத் தடத்தில் பந்து விழுந்தால் கையால் எடுத்து வெளியே வைக்கலாம், ஆடு பந்தை முகர்ந்தால் நகரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் சொன்ன சட்டம். ஊட்டியில் ஆடு ஏது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

பையிலிருந்த மட்டைகளை அவன்தான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். ஒன்று மட்டும் சரியாக நிற்கவில்லை. தரையில் வைத்தால் அதன் முகம் எதிர்ப்பக்கம் பார்த்தது. அடித்தால் பந்து மட்டையின் புறமுதுகில் பட்டுக் காலடியிலேயே சுற்றியது.

"இது கம்பெனியிலேயே தப்பா செஞ்சதுடா. ரிஜெக்ட் மாலு" என்றான் பெஞ்சமின்.

அதற்குப் பிறகு அதன் பெயரே ரிஜெக்ட் ஆகிவிட்டது. தூக்கிப் போட மனசு வராமல் கதிர்வேலு அதற்கு ஒரு வேலை கொடுத்தான். கடைசிக் குழிக்கு அதுதான் கொடிக்கம்பு. கைப்பிடியை மண்ணுக்குள் செருகி, மேலே இரும்புத் தலையில் பாஷா கடையிலிருந்து வந்த சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். மற்ற ஆறு குழிக்கும் ஆமணக்குக் குச்சிதான். ரிஜெக்டுக்கு மட்டும் ராஜ மரியாதை.

ஏரி என்ற மைதானம்

வற்றிய ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? கரையில் நின்று இல்லை, உள்ளே நடந்து. வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருக்கும். காலை வைத்தால் நத்தை ஓடு நொறுங்கும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. காய்ந்த பாசியின் வாடை மூக்கில் ஏறும்.

நிமிர்ந்தால் பனமலை. பாறைமேல் கோயில். பல்லவ ராஜா யாரோ கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அது அப்படியே இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிறைவதும் வற்றுவதுமாக எத்தனை தடவை பார்த்திருக்குமோ. அதற்கு முன்னால் நான்கு பேர் நீலம் போட்ட பந்தை மட்டையால் தள்ளிக்கொண்டு போகிறோமே என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் கூச்சமாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் மெய் சிலிர்க்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்துதான் வரும், பிரிக்கத் தெரியவில்லை.

பந்துக்கு நீலம் போட்டது, வெளுத்த வண்டலில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால். துணிக்குப் போடும் அதே நீலம்தான். ஆட்டம் முடியும்போது எல்லோர் விரலும் நீலமாக இருக்கும்.

சுற்று வட்டாரத்து விவசாயிகள் எங்களை சர்வே ஆட்கள் என்று நினைத்தார்கள். சிவப்புக் கொடி, குச்சி, எண்ணிக்கொண்டே நடக்கும் பெஞ்சமின், வேறென்ன நினைப்பார்கள். "சார், வாய்க்கா தூந்துபோச்சி, கொஞ்சம் எழுதுங்க சார்" என்று ஒரு பெரியவர் மூன்று வருடம் தொடர்ந்து கேட்டார். நாலாவது வருடம் வாய்க்காலைத் தூர் வாரிவிட்டார்கள். அவர் வந்து எனக்கு ஒரு பை நிறைய மல்லாட்டை, எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், கொடுத்துவிட்டுப் போனார். மறுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை.

போட்டிக்குக் கோப்பை கிடையாது. திண்டிவனம் சாலையோரத்துத் தர்பூசணிதான் பரிசு. ஈரக் கோணியில் சுற்றி மதகின் நிழலில் வைத்திருப்போம். ஜெயித்த ஊர் பழத்தை வெட்டும். விதையில்லாத நடுச்சதை, பழத்தின் நெஞ்சு என்போம், அது ஜெயித்த ஜோடிக்கு. தோற்றவர்கள் ஓரத்தைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் சட்டம் கதிர்வேலு போட்டது.

ஒரு வாய்

அந்த வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில்தான் மில்லின் பெல்ட் அவன் கையை இழுத்தது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தபோது நன்றாகத்தான் பேசினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சு நின்றது. பாஷா தினமும் அந்தத் தெருவழியாகத்தான் கடைக்குப் போவான். வாசல் கதவு திறந்து தான் பார்த்ததே இல்லை என்று சொல்வான்.

இந்த வருடம் ஆட்டம் வேண்டாம் என்றுதான் நாங்கள் முடிவு செய்திருந்தோம். அமிர்தம் தையல் கடைக்குப் போய், "நடத்துங்கண்ணா, நான் கூட்டிக்கினு வர்றேன்" என்று சொன்னதால்தான் வந்தோம்.

கதிர்வேலு மதகுக் கல்லில் போய் உட்கார்ந்தான். பாஷா அவித்த மல்லாட்டையைப் பிரித்து நீட்டினான். "இப்பதான் சாப்ட்டேன்" என்று தலையை அசைத்துவிட்டான்.

அமிர்தம் என்னிடம் தனியாக வந்தாள்.

"சாப்புடலண்ணா. நேத்து ராத்திரி சாப்ட்டதுதான்."

"ஏம்மா?"

"வீட்லயே கதவ சாத்திக்கினுதான் சாப்புடுறாரு. நான் ஊட்டுறேன்னா தட்ட தள்ளிடுறாரு. பீச்சாங்கையில சாப்புடுறத நீ கூட பாக்கக்கூடாதுன்றாரு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அவரு ஆடலன்னாலும் பரவால்ல. உங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்ட்டா போதும். அதுக்குத்தாண்ணா கூட்டியாந்தேன்."

 நம் ஊரில் இடது கை எதற்கு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தியில் தெரியாமல் இடது கை இலைமேல் பட்டால் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பார். கதிர்வேலு ஊரிலுள்ள அத்தனை கல்யாணத்திலும் பந்தியில் முன்னால் நின்று பரிமாறியவன். இப்போது கோயிலுக்கும் போவதில்லையாம். திருநீற்றை எந்தக் கையில் வாங்குவது என்று கேட்டானாம்.

மூன்றுக்கு மூன்று

எங்கள் ஆட்டத்தில் ஊருக்கு ஒரு பந்து. ஜோடியில் மாறி மாறி அடிக்க வேண்டும். எந்த ஊர் குறைந்த அடியில் குழியில் போடுகிறதோ அந்தக் குழி அந்த ஊருக்கு. திண்டிவனத்துக்கு இரண்டு பேர் முறையையும் பாஷாவே அடித்தான். கதிர்வேலு மதகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தானா என்பதே எனக்குச் சந்தேகம்.

பாஷா அன்றைக்கு ஆடியதைப் போல் அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. ஆறு குழி முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. ஏழாவது குழிக்கு மதகிலிருந்து அடிக்க வேண்டும். ஏரியின் நடுவே ஒரு மண்மேடு. அதன்மேல் ரிஜெக்ட், சிவப்புத் துணியோடு. கத்திக் கூப்பிட்டால்தான் கேட்கும், அவ்வளவு தூரம்.

பெஞ்சமின் எங்களுக்காக அடித்தான். பந்து உருண்டு மேட்டில் ஏறி நின்றது. அடுத்து திண்டிவனம். பாஷா மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நம்மளால ஆவாது. ரெண்டு ஆளு ஆட்டத்த எத்தினி நேரம் ஒருத்தனே ஆடுறது. எஞ்ஜோடி அடிக்கட்டும்."

"பாஷா, வெளையாடாத" என்றான் கதிர்வேலு.

"வெளையாடத்தான் வந்திருக்கோம்."

பாஷா எழுந்திருக்கவில்லை. பிறகு கதிர்வேலு எழுந்து வந்து பந்தைத் தரையில் வைத்தான். மட்டையை இடது கையில் எடுத்தான். எப்போதும் நிற்கும் பக்கம் நின்று புறங்கையால் வீசினான், வேகம் வரவில்லை, மட்டை பந்துக்கு மேலே போயிற்று. பக்கம் மாறி நின்று வீசினான். இப்போது வேகம் இருந்தது, ஆனால் மட்டையின் முகம் தப்பான பக்கம் இருந்தது. அதன் முதுகு மண்ணில் இடித்து, மட்டை கையை விட்டுத் தெறித்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"பந்த தொடல. கணக்குல இல்ல" என்றான் பெஞ்சமின். அவன் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

கதிர்வேலு எங்களைப் பார்க்கவில்லை. "முடிஞ்சிது. இதோட இந்த ஆட்டம் முடிஞ்சிது. நான் ஆரமிச்சேன், நானே பிடுங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஏரியின் நடுவே நடக்க ஆரம்பித்தான். ஆட்டம் முடிந்ததும் கடைசிக் கொடியைப் பிடுங்குவது எப்போதும் அவன் வேலை. அமிர்தம் பின்னாலேயே ஓடினாள். பாஷா தலையில் கையை வைத்துக்கொண்டான்.

அவன் மேட்டில் ஏறுவது சின்னதாகத் தெரிந்தது. கொடியை இடது கையால் பிடுங்கினான். சிவப்புத் துணியை அமிர்தம் அவிழ்த்தாள். திரும்பி வருவான் என்று பார்த்தோம். வரவில்லை. மட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் ஊன்றியவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அங்கே தரையிலிருந்து ஒரு புழுதி எழும்பியது. சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. இன்னொரு புழுதி. மண்ணாங்கட்டிகளை அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கட்டியும் தூளாகப் பறந்தது.

பெஞ்சமின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

"டேய் மணி" என்றான் என்னிடம். "அது ரிஜெக்ட் இல்லடா. பீச்சாங்கைக்காரனுக்குன்னே செஞ்ச மட்டைடா."

அந்த அடி

கதிர்வேலு தனியாகத் திரும்பி நடந்து வந்தான். கையில் ரிஜெக்ட். அமிர்தம் மேட்டிலேயே நின்றுவிட்டாள். கம்பு இல்லாமல் குழி எங்கே என்று தெரியாதல்லவா. குழிக்குப் பின்னால் நின்று சிவப்புத் துணியை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுமா, பந்து படும்" என்று நான் கத்தினேன். அவள் நகரவில்லை.

கதிர்வேலு பந்துக்கு இந்தப் பக்கம் நின்றான், கொஞ்சம் முன்னால் மட்டை தெறித்த அதே பக்கம், மற்ற எவரும் ஒருநாளும் நிற்காத பக்கம். மட்டை தரையில் பாந்தமாக உட்கார்ந்தது. இத்தனை வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் முகம் இப்போது நேராக அமிர்தத்தைப் பார்த்தது. ஏலத்தில் யாரும் கேட்காத பையில் வந்து, வருடா வருடம் எங்களோடு ஏரிக்கு வந்து, வெயிலில் கம்பமாக நின்று அது இவனுக்காகக் காத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேறு மாதிரி யோசிக்கும் புத்திசாலிகளோடு எனக்குச் சண்டை இல்லை.

மூட்டை தூக்கிய தோள் அது. ஒற்றைக் கையால் வீசினான்.

சுத்தமான சத்தம் ஒன்று வந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை எங்கள் எவர் மட்டையும் எழுப்பியதில்லை. பந்து எழுந்தது. நீலப் பந்து பாறைக்கு முன்னால் தெரிந்தது, கோயிலுக்கு நேராக ஏறியது, வானத்துக்குள் போனதும் வானமும் நீலம், பந்தும் நீலம், காணாமல் போயிற்று. நான் மூச்சை விட மறந்தேன். பெஞ்சமின் எண்ண மறந்தான். பாஷா ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். ஏரியே எங்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது. கடவுள் நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். அந்த நேரத்தில் முழுசாக இருந்தது.

மேட்டுக்கு முன்னால் ஒரு துளி புழுதி. பந்து காய்ந்த வண்டலில் குதித்து, மறுபடி குதித்து, மேட்டில் ஏறி ஓடியது. அமிர்தம் துணியை இறக்கவில்லை. பந்து அவள் கால் கட்டைவிரலில் லேசாக முட்டி நின்றது.

அங்கிருந்து அவள் குரல் வந்தது. "வந்துடுச்சிங்க."

பழத்தின் நெஞ்சு

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எங்கள் பந்து குழிக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது, என் முறை, அடித்தேன், குழியில் விழவில்லை. பாஷா தன்னுடையதைப் போட்டுவிட்டான், திண்டிவனம் ஜெயித்தது. நான் வேண்டுமென்றே விட்டேன் என்று அவன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். சத்தியமாக இல்லை.  விட்டுக்கொடுக்கும் குணம் எனக்குக் கிடையாது என்பது என் வீட்டில் கேட்டால் தெரியும்.

மதகின் நிழலில் உட்கார்ந்தோம். பாஷா கோணியை அவிழ்த்துப் பழத்தை வெட்டினான். கத்தி பட்டதும் அது தானாகவே பிளந்தது. குளிர்ந்த வாசனை வந்தது. நடுச்சதையைப் பத்தையாக அறுத்து, இரண்டாக்கி, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதைக் கதிர்வேலுவிடம் நீட்டினான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. கதிர்வேலு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இடது கையைப் பார்த்தான். விரல்களெல்லாம் நீலம்.

நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். பெஞ்சமின் மலையைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். பாஷா கையை நீட்டியபடியே கழுத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். அமிர்தம் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"இன்னாத்துக்குடா எல்லாரும் மலைய பாத்துக்கினு இருக்கீங்க" என்று கதிர்வேலுவின் குரல் கேட்டது. "மலை எங்கியும் போய்டாது. இங்க பாருங்க."

பார்த்தோம். இடது கையால் பத்தையை வாங்கினான். கடித்தான். சாறு மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது, நீலமும் சிவப்புமாக முழங்கை வரை ஒழுகியது. அவன் துடைக்கவில்லை. எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மென்றான்.

அமிர்தம் தோளில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள். 

அவன் அதை வாங்கவில்லை. அடுத்த பத்தைக்குக் கையை நீட்டினான்.